தொகுத்தவர் பெயர்

தமிழ் விக்கிப்பீடியாவின் பக்கங்களுடைய தலைப்பகுதியில் 'தொகு' என்று ஒரு சொல் இருக்கிறது. அதை அழுத்தினால் அந்தப் பக்கத்தை அநேகமாக யாரும் மாற்றி எழுதலாம். ஆங்கிலத்தின் 'எடிட்' என்பதற்கு 'திருத்து' என்றோ 'பதிப்பி' என்றோ வைத்திருக்கலாம். நம்மவர்கள் 'தொகு' என்று வைத்தார்கள். தமிழ் இலக்கியம் படித்த ஒருத்திக்கு அந்தச் சொல்லைப் பார்த்ததும் எட்டுத்தொகை நினைவுக்கு வராமல் போகாது. எனக்கு இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. தொகை நூல்களில் பாடிய பெண்கள் முப்பது பேருக்கும் மேல். பெயரை வைத்து ஆணா பெண்ணா என்று பிரிப்பதில் அறிஞர்களுக்குள் வழக்கு இருப்பதால் எண்ணிக்கை ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் தொகுத்தவர்கள் விஷயத்தில் வழக்கே இல்லை. குறுந்தொகைக்குப் பூரிக்கோ, ஐங்குறுநூற்றுக்குக் கூடலூர் கிழார், அகநானூற்றுக்கு உருத்திரசன்மர், கலித்தொகைக்கு நல்லந்துவனார். பெயர் தெரிந்த அத்தனை பேரும் ஆண்கள். பெண் பாடலாம். அவள் பாடியதில் எது நிற்கும், எந்தப் பெயரின் கீழ் நிற்கும், எதற்குப் பக்கத்தில் நிற்கும் என்பதை இன்னொருவர் முடிவுசெய்வார்.

இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு அந்தப் பொத்தான் எல்லோர் கைக்கும் எட்டும்படி வந்திருக்கிறது. ஆங்கில விக்கிப்பீடியா 2001இலும் தமிழ் விக்கிப்பீடியா 2003இலும் தொடங்கின. தமிழில் இன்று ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் இருக்கின்றன. கூலியில்லாமல், பெரும்பாலும் பாராட்டும் இல்லாமல் உழைத்தவர்களின் கட்டடம் அது. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் பொத்தான் எல்லோருக்கும் திறந்திருப்பதும் எல்லோரும் அதை அழுத்துவதும் ஒன்றல்ல. ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வு மையம் ஒன்று எடுத்த கணக்கெடுப்பில், விக்கிப்பீடியாவில் எழுதுபவர்களில் பெண்கள் 13 விழுக்காட்டுக்கும் குறைவு என்று வந்தது. 2011இல் இது பெரிய செய்தியானது. விக்கிமீடியா அறக்கட்டளையின் அப்போதைய தலைவர் சூ கார்ட்னர், 2015க்குள் இதை 25 விழுக்காடாக்குவோம் என்று இலக்கு வைத்தார். அந்த இலக்கு எட்டப்படவில்லை.

சில ஆண்டுகளாக என் மாணவிகளை அந்தப் பொத்தானுக்கு அழைத்துப்போகிறேன். புதிதாக வரும் ஒரு பெண்ணுக்கு அங்கே எழுதக் கற்றுக்கொடுப்பது என்றால் எதைக் கற்றுக்கொடுப்பது என்ற கேள்வி அதிலிருந்து வந்தது.

கல்லூரிகளில் நடக்கும் ஒருநாள் பயிலரங்குகளை எல்லோரும் பார்த்திருப்போம். கணினி ஆய்வகத்தில் நாற்பது பெண்கள், ஒரு திரை, ஒரு பயிற்றுநர். காலையில் கணக்குத் தொடங்குவது, மதியம் ஆளுக்கொரு கட்டுரை, மாலையில் சான்றிதழ், குழுப்படம். மறுநாள் நாளிதழில் இத்தனை கட்டுரைகள் ஏற்றப்பட்டன என்று எண்ணிக்கை. அடுத்த மாதம் அந்த நாற்பது பேரில் எத்தனை பேர் உள்ளே போனார்கள் என்று யாரும் கணக்கெடுப்பதில்லை. ஏற்பாட்டிலேயே கோளாறு இருக்கும். ஒரே இணைய இணைப்பிலிருந்து ஒரு நாளில் ஆறு கணக்குகள்தான் தொடங்க முடியும் என்பது அந்தத் தளத்தின் பொதுவான கட்டுப்பாடு. முன்கூட்டியே நிர்வாகிகளிடம் சொல்லி விலக்கு வாங்கவில்லையென்றால் ஏழாவது பெண் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தனக்குத்தான் இது வரவில்லை என்று அவள் நினைத்துக்கொள்வாள். வீட்டிலிருந்தே, அவரவர் கைப்பேசியில், இரண்டு நாள் முன்பே கணக்குத் தொடங்கச் சொல்லிவிடுவது நல்லது.

ஆனால் என் குறை ஏற்பாட்டைப் பற்றியதல்ல. இந்தப் பயிலரங்குகள் பொத்தான்களைக் கற்றுத்தருகின்றன. தடித்த எழுத்து எப்படி, இணைப்பு எப்படி, மேற்கோள் எப்படி. ஒரு பதினெட்டு வயதுப் பெண் இதை அரை மணி நேரத்தில் பிடித்துக்கொள்வாள். அவள் கைப்பேசியில் செய்யாத வித்தையா? அவளை நிறுத்துவது வேறு. முதல் வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒருத்தி கேட்கிற கேள்வி இது: "அம்மா, இதை மாத்துறதுக்கு யாருகிட்ட கேட்கணும்?"

யாரிடமும் கேட்க வேண்டாம் என்றால் நம்பமாட்டாள். தயங்காமல் தொகுக்கச் சொல்லும் வழிகாட்டுதல் விக்கிப்பீடியாவில் உண்டு. எனக்குப் பிடித்த வழிகாட்டுதல் அது. ஆனால் இலக்கிய விமரிசகராக அதைப் படித்தால், அந்த வாக்கியம் யாரை நோக்கிப் பேசுகிறது என்பது தெரியும். தவறு செய்தால் 'சரி, அடுத்தமுறை பார்த்துக்கொள்வோம்' என்று சொல்லி வளர்க்கப்பட்டவனை நோக்கிப் பேசுகிறது. விடுதியிலிருந்து வெளியே போக ஒப்புதல் நோட்டில் கையெழுத்து வாங்கி, பேருந்துக் கட்டணத்துக்குக் கணக்குச் சொல்லி, வகுப்பில் கேள்வி கேட்குமுன் மூன்று முறை மனசுக்குள் ஒத்திகை பார்த்து வளர்ந்தவளிடம் 'துணிந்து செய்' என்று ஒரு வரியை எழுதிக் காட்டினால் போதாது. துணிவு அறிவுரையால் வருவதில்லை. மற்றவர்களும் தடுமாறியிருக்கிறார்கள் என்பதைக் கண்ணால் பார்த்தால் கொஞ்சம் வரும்.

அதனால் நான் 'தொகு'வுக்கு முன்னால் 'வரலாறு' என்ற பொத்தானைக் காட்டுகிறேன். ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னால் அதன் எல்லா வடிவங்களும் தேதி, நேரத்தோடு அங்கே அடுக்கிவைக்கப்பட்டிருக்கும். யார் எதைச் சேர்த்தார், யார் எதை நீக்கினார், எந்த அரைப்புள்ளிக்காக இருவர் மூன்று நாள் மாறிமாறித் திருத்திக்கொண்டார்கள் எல்லாம் தெரியும். சுவடிப் பாடபேதம் படித்த மாணவிகளுக்கு இது உடனே பிடிபடுகிறது. ஒரு சொல்லுக்கு இரண்டு பாடம் இருந்தால் எந்தப் பாடம் கொள்வது, ஏன் என்று பயின்றவர்கள் அவர்கள். இங்கே பாடபேதம் செய்தவரே தன் காரணத்தைத் 'தொகுப்புச் சுருக்கம்' என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார், அல்லது எழுதாமல் போயிருக்கிறார். பெரிய மனிதர்கள் என்று நினைத்த பயனர்கள் சந்திப்பிழை விட்டிருப்பதையும், ஊர்ப்பெயரைத் தப்பாக எழுதியிருப்பதையும், இன்னொருவர் வந்து சத்தமில்லாமல் சரிசெய்திருப்பதையும் பார்க்கும்போது வகுப்பில் ஒரு சிரிப்பு வரும். எந்த மாற்றத்தையும் ஒரு சொடுக்கில் மீளமைக்கலாம் என்பதும் அப்போதுதான் உறைக்கிறது. அதற்குப் பிறகு தங்கள் ஊரைப் பற்றிய கட்டுரையில் ஒரே ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தச் சொல்வேன். முதல் நாளுக்கு அது போதும். மணல்தொட்டி என்று பழகிப்பார்க்க ஓர் இடம் உண்டு, அங்கே எதை வேண்டுமானாலும் எழுதலாம். ஆனால் நம் பெண்கள் வாழ்நாள் முழுக்க மணல்தொட்டியிலேயே இருந்துவிடக்கூடியவர்கள். கவிதை நோட்டுகளை அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்திருக்கும் மரபு நமக்குத் தெரியாததா?

பெயர் ஒரு பெரிய சிக்கல். பயனர் பெயராக எதை வைப்பது? சொந்தப் பெயரை வைக்கக் கட்டாயமில்லை. கைப்பேசி எண் கேட்பதில்லை. மின்னஞ்சல்கூட விருப்பம்தான், ஆனால் கடவுச்சொல் மறந்தால் மீட்க அது வேண்டும். பொதுவெளியில் கருத்துச் சொன்ன பெண்ணைத் தேடிப்போய் வசைபாடுவது அன்றாட நிகழ்ச்சியாகிவிட்ட காலத்தில் புனைபெயர் ஒரு பாதுகாப்பு. மாணவிகளுக்கு நான் அதைத்தான் சொல்கிறேன்: படம் வேண்டாம், கல்லூரிப் பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம். சொல்லும்போதே எனக்குள் ஒரு முரண் உறுத்தும். பெண்களின் பெயர்களை வரலாற்றில் ஏற்றுவதற்காகத் தங்கள் பெயரை மறைத்துக்கொள்ளச் சொல்கிறேன். பெண் எழுதினாள் என்பதே அங்கே தெரியாமல் போகிறது. இதற்கு என்னிடம் தீர்வில்லை. அவரவர் முடிவு.

புனைபெயர் தமிழில் பெண்களுக்கு மட்டும் உரியதாகவும் இருக்கவில்லை. ரங்கராஜன் தன் மனைவியின் பெயரில் சுஜாதா ஆனார். ஸ்ரீவேணுகோபாலன் புஷ்பா தங்கதுரை ஆனார். ஆண்கள் பெண் பெயரை வைத்துக்கொண்டபோது அவர்களுடைய இயற்பெயர் தொலைந்துபோகவில்லை. பெண்கள் விஷயம் அப்படியல்ல. லக்ஷ்மி என்று எழுதியவர் திரிபுரசுந்தரி. அம்பை என்று எழுதுகிறவர் சி. எஸ். லக்ஷ்மி. அநுத்தமாவின் இயற்பெயர் ராஜேஸ்வரி. இவர்கள் புகழ்பெற்றவர்கள், ஆகவே கண்டுபிடித்துவிடலாம். ஐம்பதுகளின் வார இதழ்களில் நான்கைந்து கதைகள் எழுதிவிட்டுப்போன ஒருத்தி, கல்யாணத்துக்கு முன் அப்பாவின் தலைப்பெழுத்தோடும் பின் கணவரின் பெயரோடும் எழுதியிருந்தால், நூலகப் பட்டியலில் அவள் இரண்டு ஆள். ஒரு பதிவில் திருமதி, இன்னொன்றில் அம்மாள் என்று போட்டிருந்தால் நான்கு ஆள். விக்கிப்பீடியாவில் இதற்கு 'வழிமாற்று' என்று ஒரு எளிய ஏற்பாடு இருக்கிறது: எந்தப் பெயரில் தேடினாலும் ஒரே பக்கத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கும். தொழில்நுட்பமாக ஒரு வரி வேலை. அந்த ஒரு வரியை எழுத, இரண்டு பெயரும் ஒருத்திதான் என்று காட்டும் சான்று வேண்டும்.

சான்று. இங்கேதான் விஷயத்தின் கடினமான பகுதி வருகிறது.

விக்கிப்பீடியாவில் ஒருவரைப் பற்றித் தனிக்கட்டுரை இருக்க வேண்டுமென்றால் அவர் 'குறிப்பிடத்தக்கவராக' இருக்க வேண்டும். அதாவது அவரோடு தொடர்பில்லாத, நம்பத்தக்க வெளியீடுகள் அவரைப் பற்றிப் போதுமான அளவு எழுதியிருக்க வேண்டும். எழுதும் ஒவ்வொரு செய்திக்கும் 'மெய்யறிதன்மை' வேண்டும், வாசகர் போய்ச் சரிபார்க்கும்படி மூலம் காட்ட வேண்டும். நீங்களே கண்டுபிடித்த உண்மைக்கு அங்கே இடமில்லை. வேறெங்காவது வெளியான பிறகு வரலாம். ஆராய்ச்சி முறையியல் நடத்துகிறவளாக இந்த விதிகளை நான் மதிக்கிறேன். யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்ற இடத்தில் எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்றும் வந்துவிட்டால், முதலில் அவதூறுக்கு ஆளாவது பெண்கள்தாம். ஆனால் இந்த விதி எதன் மேல் நிற்கிறது? உலகம் ஏற்கெனவே யாரைப் பற்றி எழுதியிருக்கிறதோ அதன் மேல்.

2018 அக்டோபர் 2ஆம் நாள் கனடாவின் டோனா ஸ்ட்ரிக்லேண்டுக்கு இயற்பியல் நோபல் அறிவிக்கப்பட்டது. மேரி கியூரி 1903, மரியா கோப்பர்ட் மேயர் 1963, அதற்குப் பிறகு இயற்பியலில் அந்தப் பரிசு பெற்ற மூன்றாவது பெண் அவர். அறிவிப்பு வந்தபோது ஆங்கில விக்கிப்பீடியாவில் அவருக்குக் கட்டுரை இல்லை. அவரோடு சேர்ந்து பரிசுபெற்ற, அவருடைய ஆய்வு வழிகாட்டியான ஜெரார் மூரூவுக்கு முன்பே இருந்தது. அந்த ஆண்டு யாரோ ஒருவர் ஸ்ட்ரிக்லேண்டைப் பற்றி ஒரு வரைவு எழுதிச் சமர்ப்பித்திருந்தார். காட்டப்பட்ட மூலங்கள் அவருடைய குறிப்பிடத்தக்கமையை நிறுவவில்லை என்று அது திருப்பி அனுப்பப்பட்டது. பரிசுக்குரிய ஆய்வுக் கட்டுரையை அவர்கள் இருவரும் 1985இலேயே வெளியிட்டிருந்தார்கள். அவர் அமெரிக்க ஒளியியல் கழகத்தின் தலைவராக 2013இல் இருந்தவர்.

இதைச் சொன்னதும் மாணவிகளுக்குக் கோபம் வரும். நல்ல கோபம்தான், ஆனால் அது போக வேண்டிய இடத்துக்குப் போக வேண்டும். வரைவைத் திருப்பியவர் விதியை மீறவில்லை. விதிப்படி நடந்தார். பத்திரிகைகள் அவரைப் பற்றி எழுதியிருக்கவில்லை. எழுதாததால் கட்டுரை இல்லை. கட்டுரை இல்லாததால் அவரைப் பற்றி எழுத வருகிற பத்திரிகையாளருக்கும் கைக்கு எதுவும் கிடைக்காது. அறக்கட்டளையின் அப்போதைய தலைமை நிர்வாகி கேத்தரின் மாஹர் இதற்குப் பதிலாக, உலகத்திலுள்ள பாரபட்சத்தைத்தான் விக்கிப்பீடியா பிரதிபலிக்கிறது, அதை உண்டாக்கவில்லை என்னும் பொருளில் எழுதினார். பாதி உண்மை. கண்ணாடி என்று சொல்லிக்கொள்ளும் எதுவும் தன் சட்டத்தைப் பற்றிப் பேசுவதில்லை. 2013இல் அமெரிக்க நாவலாசிரியர் அமாண்டா ஃபிலிப்பாச்சி ஒன்றைக் கவனித்து நியூயார்க் டைம்ஸில் எழுதினார். 'அமெரிக்க நாவலாசிரியர்கள்' என்ற பகுப்பிலிருந்து பெண்களை அகரவரிசையில் ஒவ்வொருவராக எடுத்து, 'அமெரிக்கப் பெண் நாவலாசிரியர்கள்' என்ற உட்பகுப்புக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். அதாவது ஆண்கள் நாவலாசிரியர்கள், பெண்கள் பெண் நாவலாசிரியர்கள். இதை உலகம் செய்யவில்லை. பொத்தானை அழுத்திய கை செய்தது. அந்தக் கட்டுரை வெளியான பிறகு ஃபிலிப்பாச்சியைப் பற்றிய பக்கத்திலேயே சிலர் வெட்டுக்கொத்தில் இறங்கினார்கள் என்பதும் பதிவாகியிருக்கிறது.

இங்கே நாமும் சளைத்தவர்கள் அல்ல. 'பெண் கவிஞர்' என்று என்னை அறிமுகப்படுத்தாத மேடை அரிது. கட்டுரை எழுதும் மாணவியிடம் நான் சொல்வது: 'பெண்' என்ற சொல்லை எடுத்துவிட்டு வாக்கியத்தைப் படித்துப்பார். பொருள் குறைந்தால் வைத்துக்கொள். குறையவில்லையென்றால் அது வெறும் முத்திரை. பட்டியலாகத் தேடிப் பிடிக்கப் பெண் எழுத்தாளர் என்ற பகுப்பு வேண்டும்தான், ஆனால் எழுத்தாளர் என்ற பகுப்பிலிருந்து அவளை எடுத்துவிட்டு அல்ல.

முதல் பத்தியில் கணவர் வருகிறாரா என்றும் பார்க்கச் சொல்வேன். அமெரிக்காவில் அறிவியல் எழுத்தாளர்கள் ஃபிங்க்பைனர் சோதனை என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். ஒரு பெண் விஞ்ஞானியைப் பற்றி எழுதும்போது அவர் பெண் என்பதையும், கணவரின் வேலையையும், குழந்தை வளர்ப்பை எப்படிச் சமாளித்தார் என்பதையும் பேசாமல் எழுத முடிகிறதா என்பது அதன் சாரம். அது பெயர்பெற்ற 2013ஆம் ஆண்டிலேயே ஏவுகணை விஞ்ஞானி இவான் பிரில் இறந்தபோது, நியூயார்க் டைம்ஸின் அஞ்சலிக் குறிப்பு அவருடைய சமையல் கைப்பக்குவத்திலிருந்து தொடங்கியது. வாசகர்கள் கொதித்த பிறகு அந்தத் தொடக்கத்தை மாற்றினார்கள். நம் ஊர் நினைவு மலர்களைத் திறந்துபாருங்கள், எத்தனை அம்மையார்கள் சமையலறையிலிருந்தே பொதுவாழ்வுக்குப் புறப்படுகிறார்கள்! ஆனால் ஒரு திருத்தம்: ஃபிங்க்பைனர் சோதனையைத் தமிழுக்கு அப்படியே கொண்டுவர முடியாது. இங்கே ஒருத்தி எழுதியதும் எழுதாமல் விட்டதும் பல வேளைகளில் வீட்டைப் பொறுத்தவை. பத்து ஆண்டு எழுதவில்லை என்றால் ஏன் என்பது இலக்கிய வரலாற்றுச் செய்தி. மறைக்க வேண்டியது குடும்பத்தை அல்ல. குடும்பத்தைச் சான்றிதழாகக் காட்டும் பழக்கத்தை.

மாணவிகளின் எழுத்தில் நான் அதிகமாக வெட்டுவது புகழ்மொழியை. ஒப்பற்ற, தன்னிகரில்லாத, கவிதை வானில் சிறகடித்த. பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டியிலிருந்து கூட வந்த சொத்து. ஓர் எழுத்தாளரைப் பற்றி எட்டு வாக்கியம் எழுதி அதில் ஒரு ஆண்டு, ஒரு நூற்பெயர், ஒரு பதிப்பகத்தின் பெயர்கூட இல்லாமல் இருக்கும். நீக்கப்பட்டால் 'பெண் என்பதால் நீக்கிவிட்டார்கள்' என்று தோன்றும். சில சமயம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் மாலை போட்டு உட்காரவைப்பது நம் பண்பாட்டில் பெண்ணை மறப்பதற்கான வழிகளில் ஒன்று. மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரைப் புகழ ஆயிரம் அடைமொழி உண்டு. 1936இல் 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' என்ற நாவலை எழுதினார் என்ற ஒரு வாக்கியம் அந்த ஆயிரத்தைவிட வேலை செய்யும். அதைப் படிக்கிற பெண் நூலகத்துக்குப் போய் அந்தப் பெயரைக் கேட்பாள். நடுநிலை என்ற விதியை ஆண்மையக் குரல் என்று நிராகரிக்கும் தோழிகள் உண்டு. அவர்கள் சொல்வதில் நியாயமும் உண்டு. என் அனுபவத்தில் அடைமொழியை உதறிய தமிழ் வாக்கியம் எழுதப் பழகுவது மாணவிகளுக்கு வேறெங்கும் கிடைக்காத பயிற்சி. அதோடு, பாடநூலிலிருந்து பத்தி பத்தியாகப் பெயர்த்தெழுதும் பழக்கமும் இங்கே செல்லாது. பதிப்புரிமை மீறல் என்று உடனே நீக்கிவிடுவார்கள். மூன்று நூலைப் படித்து, மூன்றையும் மூடிவைத்துவிட்டு, சொந்த வாக்கியத்தில் எழுது என்கிறேன். முதுகலை வந்த பிறகு முதல்முறையாக அப்படி எழுதியவர்கள் இருக்கிறார்கள்.

அச்சில் இல்லாதவற்றை என்ன செய்வது? கோலம், தாலாட்டு, ஒப்பாரி, பிரசவம் பார்த்த கைகளின் அறிவு எல்லாம் வாய்மொழியில் இருக்கிறது. 2011இல் அச்சல் பிரபலா என்பவர் இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் ஒரு முயற்சி செய்தார். மலையாளம், இந்தி, வடக்கு சோத்தோ மொழிகளில், அச்சில் வராத வழக்கங்களைப் பற்றி மக்களிடம் பேசிப் பதிவுசெய்து, அந்தப் பதிவையே விக்கிப்பீடியாக் கட்டுரைக்கு மேற்கோளாக வைப்பது. அருமையான யோசனை. பரவலான நடைமுறையாக அது ஏற்கப்படவில்லை. பேட்டி எடுத்தவரும் எழுதுபவரும் ஒருவரே என்றால் சரிபார்ப்பது யார் என்பது எதிர்வாதம், அதையும் ஒதுக்கிவிட முடியாது.

நான் வந்து சேர்ந்த இடம் இது. கலைக்களஞ்சியத்தின் வாசலில் நின்று சண்டைபோடும் நேரத்தில் பாதியை ஓடையின் மேற்பகுதியில் செலவிட வேண்டும். சான்று இல்லையென்றால் சான்றை உண்டாக்க வேண்டும். பொய்யாக அல்ல: பேட்டி எடுத்துச் சிற்றிதழில் வெளியிடுவது, மறுபதிப்புக்குத் தேதிகளோடு முன்னுரை எழுதுவது, தோழியின் நூலுக்கு மதிப்புரை எழுதுவது. அம்பை 1988இல் மற்றவர்களோடு சேர்ந்து மும்பையில் தொடங்கிய ஸ்பாரோ ஆவணக்காப்பகம் பெண்களின் பேச்சையும் படங்களையும் சேர்த்துவைப்பது இந்த வேலைதான். நம் மரபில் இதற்கு முன்னோடி அகநானூற்றிலேயே உண்டு. அதன் 147ஆம் பாடலில் ஔவையார், தன் தலைவியின் பேச்சுக்கு நடுவில் வெள்ளிவீதியின் பெயரைச் சொல்கிறார். வெள்ளிவீதியார் தன் துணையைத் தேடி அலைந்தவர் என்று நாம் சொல்வதற்கு அந்தக் குறிப்பே ஆதாரம். ஒரு பெண் கவி இன்னொரு பெண் கவியைப் பெயர்சொல்லி மேற்கோள் காட்டியிருக்கிறாள். தொகுத்தவர்கள் யாராக இருந்தாலும் அந்தப் பெயரை அவர்களால் பாடலுக்குள்ளிருந்து எடுக்க முடியவில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. நம் சிறிய உலகில் எல்லோரும் எல்லோருக்கும் தோழி. தன்னைப் பற்றியோ தனக்கு நெருங்கியவரைப் பற்றியோ எழுதக்கூடாது என்பது விக்கிப்பீடியாவின் நல்ல வழக்கம். என்னைப் பற்றிக் கட்டுரை எழுத முன்வரும் மாணவிகளிடம் வேறு யாரையாவது எழுது என்று சொல்லிவிடுகிறேன். உயிரோடிருப்பவர்களைப் பற்றி, சான்றில்லாத குடும்ப விவரம் ஒன்றுகூட வேண்டாம் என்றும்.

எழுதிய பிறகு மறுப்பு வரும். தமிழ் விக்கிப்பீடியாவில் பொது உரையாடல் நடக்கும் பக்கத்துக்கு 'ஆலமரத்தடி' என்று பெயர். அழகான பெயர். வைத்தவர்கள் நல்ல மனசோடுதான் வைத்திருப்பார்கள். ஆனால் என் மாணவி ஒருத்தி அதைப் பார்த்துவிட்டு, "எங்க ஊர்ல ஆலமரத்தடியில ஆம்பளைங்கதான் உட்காருவாங்க, நாங்க சுத்திக்கிட்டுப் போவோம்" என்றாள். கிண்டலாகக்கூடச் சொல்லவில்லை. புதியவர்களைக் கடிக்காதீர்கள் என்று விக்கிப்பீடியாவில் ஒரு வழிகாட்டுதலே உண்டு. கடி இருந்ததால் வந்த வழிகாட்டுதல் அது. ஆங்கில விக்கிப்பீடியாவில் 2007க்குப் பிறகு எழுதுபவர் எண்ணிக்கை சரிந்ததை ஆராய்ந்து ஏரன் ஹாஃபேக்கரும் மற்றவர்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வு, நல்லெண்ணத்தோடு வந்த புதியவர்களின் எழுத்தும் எடுத்த எடுப்பிலேயே நிராகரிக்கப்படுவதை ஒரு முக்கியக் காரணமாகக் காட்டியது. 2012இல் அங்கே 'டீஹவுஸ்' என்று புதியவர்கள் கூச்சமில்லாமல் கேள்வி கேட்க ஓர் இடம் ஏற்படுத்தினார்கள். தேநீர்க் கடையும் நம் ஊரில் யாருடைய இடம் என்று அந்த மாணவியிடம் கேட்டால் சொல்லிவிடுவாள்.

மறுப்பு வந்தால் செய்யவேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அன்றே பதில் எழுதாதே. உரையாடல் பக்கத்தில் போய், உன் மூலம் எது, பக்க எண் என்ன என்று ஒருமுறை எழுது. கடைசியில் நான்கு அலைக்குறி போட்டால் உன் கையெழுத்து விழும். 'மன்னிக்கவும், நான் புதியவள்' என்று தொடங்காதே. பதில் வராவிட்டால் வேறொரு பயனரைக் கூப்பிட்டுக் கருத்துக் கேள். இது கெஞ்சலுமல்ல, சண்டையுமல்ல. இந்த நடுவிலுள்ள தொனியை நம் பெண்களுக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை.

தனியாகச் செய்யவும் வேண்டாம். இருவர் இருவராக உட்காரவைக்கிறேன். வை. மு. கோதைநாயகி அம்மாள் 115 நாவல்கள் எழுதியவர், 'ஜகன்மோகினி' இதழை நடத்தியவர். தொடக்கத்தில் அவருக்குத் தமிழ் எழுதத் தெரியாது. முதல் படைப்பான 'இந்திர மோகனா' நாடகத்தை அவர் சொல்லச்சொல்ல எழுதியவர் தோழி பட்டம்மாள். எழுதக் கற்றுக்கொடுத்தவரும் அவரே. புதியவருக்கு உதவுவது என்று எதைச் சொல்கிறோமோ அதன் முழு இலக்கணமும் பட்டம்மாளிடம் இருக்கிறது. கை பிடித்தார், பிறகு கையை விட்டார். அவருடைய ஊர், காலம், அவர் ஏதாவது எழுதினாரா என்பதெல்லாம் கோதைநாயகியின் வாழ்க்கைக் குறிப்புகளில் வருவதில்லை. ஒற்றை வரியில் வந்துபோகிறார்.

இவ்வளவும் இலவச உழைப்புதானே, வீட்டு வேலைக்கு மேல் இன்னொரு கூலியற்ற வேலையா என்று கேட்கும் பெண்ணியவாதிகளுக்கு நான் சமாதானம் சொல்லப்போவதில்லை. மெய்தான். இரவு பத்து மணிக்கு மேல் கணினி முன் உட்கார முடிகிறவர்கள் யார் என்பதில்தான் அந்த 13 விழுக்காடு தொடங்குகிறது. ஆனால் தேடுபொறிகள் தேடிய பெயருக்குப் பக்கத்தில் காட்டும் பெட்டிச் செய்தியும், கேட்டதற்குப் பதில் சொல்லும் இயந்திரங்களின் பயிற்சியும் பெருமளவு இந்தக் கலைக்களஞ்சியத்திலிருந்து போகின்றன. இங்கே இல்லாத பெண் அங்கேயும் இருக்கமாட்டாள். 2015இல் ஆங்கிலத்தில் 'சிவப்பில் பெண்கள்' என்ற திட்டம் தொடங்கியபோது, அங்கிருந்த வாழ்க்கை வரலாறுகளில் பெண்களுடையவை 15 விழுக்காட்டையொட்டி இருந்தன. இப்போது ஐந்தில் ஒன்று அளவுக்கு வந்திருக்கிறது. இன்னும் எழுதப்படாத கட்டுரையின் இணைப்பு அங்கே சிவப்பு நிறத்தில் தெரியும்; அந்தச் சிவப்பைத் தேடித்தேடி நீலமாக்குவது அவர்கள் வேலை. பத்தாண்டில் சில விழுக்காடு.

என் வகுப்பில் இப்போது இருவர், பழைய வார இதழ் ஒன்றின் தொகுதிகளில் வரும் பெண் பெயர்களை ஒரு நீளமான நோட்டில் எழுதிவருகிறார்கள். ஆண்டு, இதழ், கதைத் தலைப்பு, பெயர் அச்சான விதம். கட்டுரை ஒன்றும் இன்னும் எழுதவில்லை. ஒரே ஆள்தானோ என்று சந்தேகிக்கும் மூன்று பெயர்களுக்கு எதிரே பென்சிலால் கேள்விக்குறி போட்டிருக்கிறார்கள். அதில் ஒரு பெயருக்கு 1958ஆம் ஆண்டு இதழில் ஒரு புகைப்படம் கிடைத்திருக்கிறது. மற்ற இரண்டுக்குத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.